எங்கே உட்கார்வது என்று கற்றுக்கொண்ட ஆண்டுகள்

பாஸ்டன் நகருக்குக் குடிவந்த முதல் கோடையில் ஃபென்வே பார்க் மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம் பார்ப்பதற்காக நான் வாங்கிய நுழைவுச்சீட்டில், இருக்கை எண்ணுக்குக் கீழே பார்வை மறைக்கப்படும் இடம் என்று சிறிய எழுத்தில் தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். விலை குறைவாகக் கிடைத்த மகிழ்ச்சியில் அந்த வரியை நான் பொருட்படுத்தவில்லை. உள்ளே போய் மர இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான், பந்து எறியும் பிட்சருக்கும் எனக்கும் நடுவே மேல்கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று நிற்பது தெரிந்தது. அன்று மூன்று மணி நேரமும் பந்து பிட்சரின் கையை விட்டுப் புறப்படுவதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இடப்பக்கம் சாய்ந்தால் பேட்டர் தெரிவார், வலப்பக்கம் சாய்ந்தால் பிட்சரின் தோள் தெரியும்.

அதன்பின் பல கோடைகளாகப் பேஸ்பால் ஆட்டங்களுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் தொடர்ந்து போய்வருகிறேன். யார் ஆடுகிறார்கள், யார் பாடுகிறார்கள் என்பதற்கு அடுத்தபடியாக, அந்த மாலை எப்படி அமையும் என்பதை முடிவு செய்வது நாம் உட்காரும் இடம்தான் என்பது என் அனுபவம். பணம் அதிகம் கொடுத்தால் நல்ல இடம் கிடைத்துவிடும் என்று எண்ணியே தொடக்கத்தில் நான் பலமுறை ஏமாந்தேன்.

ஃபென்வே 1912 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் 1914இல் வந்தது. இன்றும் முதன்மை லீக் ஆட்டங்கள் நடக்கும் மைதானங்களில் இவை இரண்டுமே மிகப் பழையவை. இரண்டிலும் தூண்கள் உண்டு. ஃபென்வேயின் வலப்பக்கக் கோடியில் சில பகுதிகளில் இருக்கைகள் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டைப் பார்க்காமல் மைதானத்தின் நடுப்புறத்தைப் பார்த்து அமைந்திருப்பதால், ஆட்டம் முழுவதும் கழுத்தைத் திருப்பியபடியே இருக்க வேண்டியிருக்கும். இடப்பக்க எல்லையில் 37 அடி 2 அங்குல உயரத்துக்கு நிற்கும் பச்சைச் சுவரும், அதன் அடியில் இன்றும் கையால் எண்களை மாற்றும் மதிப்பெண் பலகையும் இந்த மைதானத்தின் அடையாளங்கள். முதன்முறை போகிறவர்கள் அந்தச் சுவர் முழுமையாகக் கண்ணில் படும் இடத்தில் உட்கார வேண்டும் என்று நான் சொல்வேன். பந்து அந்தச் சுவரில் மோதித் திரும்பும் விதத்தை இடப்பக்க ஆட்டக்காரர் எப்படிக் கணிக்கிறார் என்பதைப் பார்ப்பதற்காகவே மைதானத்துக்குப் போகலாம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் பேஸ்பாலைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லையே என்று சலித்துக்கொள்வது இயல்பு. தொலைக்காட்சி பெரும்பாலும் பிட்சரின் முதுகுப் பக்கமிருந்து பிட்சர், பேட்டர், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஆகிய மூவரை மட்டுமே காட்டுகிறது. மீதமுள்ள ஏழு பேரும் ஒவ்வொரு எறிக்கும் முன்பு இரண்டடி இடம் மாறுவதையும், எந்தப் பேட்டர் வருகிறார் என்பதைப் பொறுத்து வெளிக்களத்தில் மூவரும் ஒருசேர நகர்வதையும், மட்டையில் பந்து பட்ட ஒலி கேட்ட கணத்தில் நடுக்களத்தவர் எடுத்துவைக்கும் முதல் அடியையும் நேரில்தான் பார்க்க முடியும். அதற்கு மிக நெருக்கமான இருக்கை உதவாது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்களின் முகம் தெரியும். ஆனால் உயரே எழும்பிய பந்து எவ்வளவு தூரம் போகிறது என்பது தெரியாது. நான் இப்போது வாங்குவது ஹோம் பிளேட்டுக்குப் பின்புறம், சற்று உயரமான வரிசைகளில் ஒன்றை. விலை கீழ் வரிசையைவிடக் குறைவு, ஆட்டத்தின் வடிவமோ முழுமையாகத் தெரியும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹோம் பிளேட்டிலிருந்து, ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய மூன்று பேஸ்களில் நேரெதிரே உள்ள இரண்டாம் பேஸ் நோக்கிச் செல்லும் கோடு கிழக்கு-வடகிழக்காக அமைவது விரும்பத்தக்கது என்று பேஸ்பால் விதிப்புத்தகமே சொல்கிறது. மாலைச் சூரியன் பேட்டரின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதுதான் காரணம். எல்லா மைதானங்களும் இதை அப்படியே பின்பற்றுவதில்லை என்றாலும், பெரும்பாலானவற்றில் மூன்றாம் பேஸ் பக்கத்துக்கும் ஹோம் பிளேட்டின் பின்புறத்துக்கும் மாலையில் முதலில் நிழல் வரும். வலக்கோடி இருக்கைகளில் இருப்பவர்கள் வெயிலை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஃபென்வேயின் அந்தக் கோடியில், பச்சை இருக்கைகளுக்கு நடுவே 42ஆம் பகுதி, 37ஆம் வரிசை, 21ஆம் இருக்கை மட்டும் சிவப்பாக இருக்கும். 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து அங்கே அமர்ந்திருந்த ரசிகரின் வைக்கோல் தொப்பியில் விழுந்தது. பிற்பகல் ஆட்டமொன்றில் அந்தச் சிவப்பு இருக்கைக்கு அருகில் உட்கார்ந்து பார்த்தேன். பந்து வருவதை அந்த மனிதர் ஏன் பார்த்திருக்க முடியாது என்பது கண் கூசிய முதல் இன்னிங்ஸிலேயே (இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும் சுற்று) எனக்குப் புரிந்துவிட்டது.

ஓய்வுபெற்ற என் தந்தை கோடை ஒன்றில் எங்களுடன் தங்க வந்தார். அறுபது ஆண்டுகளாகக் கிரிக்கெட் வர்ணனை கேட்டவர் அவர். அவரை ஃபென்வேயில் ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். மூன்றாவது இன்னிங்ஸ் முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "ஏம்மா, இவன் பாதிப் பந்தை அடிக்காமலேயே விடுறானே, அதுக்கும் கைதட்டுறாங்களே, ஏன்?" என்று கேட்டார். எனக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில், மடியில் மதிப்பெண் அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு பென்சிலால் எதையோ எழுதியபடி இருந்த வயதான அம்மையார், அப்பா கேட்ட தொனியை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, அட்டையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அவர் அதை முதல் பேஸுக்கு எறிந்து இருவரை ஒரே வீச்சில் வெளியேற்றினால் 6-4-3. மட்டையை வீசி மூன்று பந்துகளையும் தவறவிட்டு வெளியேறினால் 'கே' என்ற எழுத்து. கடைசிப் பந்தை அடிக்காமல் நின்றே வெளியேறினால் அதே எழுத்தைத் தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பி எழுத வேண்டும். தவறான பந்தை அடிக்காமல் விடுவது பேட்டரின் திறமை என்பதும், அப்படி நான்கு பந்துகளை விட்டால் அவர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம் என்பதும் அந்த அட்டையின் வழியாகத்தான் அப்பாவுக்குத் தெளிவாயிற்று. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று 1908இல் எழுதப்பட்ட அந்தப் பழைய பேஸ்பால் பாட்டைப் பாடியபோது, அப்பாவும் எழுந்து நின்றார். அம்மையார் கொடுத்த பென்சிலை மட்டும் கீழே வைக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அவரே ஓர் அட்டை வாங்கிக்கொண்டார்.

அட்டையில் எழுதுகிறவர் கைபேசியைப் பார்க்க மாட்டார் என்பது இன்னொரு நன்மை, அது பாதுகாப்பு தொடர்பானதும்கூட. கீழ்நிலை லீக் ஆட்டம் ஒன்றில் வலை மறைக்காத பகுதியில் அமர்ந்து நான் கைபேசியில் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது, கோட்டுக்கு வெளியே அடிக்கப்பட்ட பந்து ஒன்று என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, காலியாக இருந்த பக்கத்து இருக்கையின் முதுகில் மோதியது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 30 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரமே போதும். தலையை நிமிர்த்துவதற்கே அந்த நேரம் சரியாகப் போய்விடும். முதன்மை லீக்கின் 30 மைதானங்களிலும் 2020க்குள் பாதுகாப்பு வலைகள் நீட்டிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் வலை எங்கே முடிகிறது என்று பார்த்த பிறகே குழந்தைகளுக்கு இருக்கை தேர்ந்தெடுக்கிறேன். கிரிக்கெட்டில் பந்தைத் திருப்பி எறிந்துவிட வேண்டும். இங்கே பிடித்தவருக்கே பந்து சொந்தம் என்பதால் கூட்டம் அதை நோக்கிப் பாயும். அந்தத் தள்ளுமுள்ளிலும் குழந்தைகளை அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

2023இல், குறித்த நொடிகளுக்குள் பந்தை எறிய வேண்டும் என்று பிட்சர்களுக்கு நேரக் கடிகாரம் கொண்டுவந்தார்கள். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 2022இல் 3 மணி 4 நிமிடமாக இருந்தது, அடுத்த ஆண்டே 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. பழைய நினைப்பில் உணவு வரிசையில் நின்றால் ஓர் இன்னிங்ஸே போய்விடும். ஆகவே ஆட்டம் தொடங்கும் முன்பே சாப்பிட்டு முடித்துவிடுகிறோம்.

மழைக்குப் பேஸ்பாலில் தனிச் சட்டம் உண்டு. ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டால், உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை முடிந்தாலே போதும், அது முழு ஆட்டமாகக் கருதப்படும். அதன்பின் மழையால் நின்றாலும் பொதுவாக மாற்றுச் சீட்டு கிடையாது. இது தெரியாமல், மழை தொடங்கிய உடனேயே கிளம்பிவிட்டு, நாற்பது நிமிடத்தில் ஆட்டம் மறுபடி தொடங்கியதை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்து நான் வருந்தியது உண்டு. இப்போது கூரையின் கீழுள்ள வரிசைகளையே தேடி வாங்குகிறேன். பதினைந்து இருபது பேர் பெரிய தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடி ஆடுகளத்தை மூடுவதைப் பார்த்தபடி காத்திருப்பேன்.

இனி இசைக்கு வருகிறேன். பேஸ்பால் மைதானத்துக்கும் இசைக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழுவினர் 55,000க்கும் மேற்பட்டோர் முன் பாடினார்கள்; அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில், கட்டணம் பெற்று நடத்திய தங்கள் கடைசி நிகழ்ச்சியை அளித்தார்கள். இரண்டுமே பேஸ்பால் மைதானங்கள். ஷேயில் அறிவிப்புகளுக்காக வைத்திருந்த ஒலிபெருக்கிகள் வழியாகவும் பாட்டு ஒலித்தது. கூட்டத்தின் கூச்சலில் தங்கள் பாட்டே தங்களுக்குக் கேட்கவில்லை என்று பாடியவர்களே பின்னர் சொன்னார்கள். ஃபென்வேயில் 2003 செப்டம்பரில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடியதிலிருந்து, ஏறத்தாழ ஒவ்வொரு கோடையிலும் அங்கே பெரிய நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு, ஆட்டம் பார்க்க எனக்கு மிகவும் பிடித்த, ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலுள்ள அதே பகுதியில் நல்ல விலை கொடுத்து இடம் வாங்கினேன். மேடை எங்கே போடுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. வழக்கப்படி அதை மைதானத்தின் நடுக்கோடியில் எழுப்பியிருந்தார்கள். ஹோம் பிளேட்டிலிருந்து அந்த எல்லைச் சுவர் ஏறக்குறைய 390 அடி, அதாவது 119 மீட்டர். பாடகர் விரல் அளவுக்குத்தான் தெரிந்தார். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், மேடையிலிருந்து புறப்படும் ஓசை அந்தத் தூரத்தைக் கடக்க மூன்றில் ஒரு நொடிக்கு மேல் ஆகும். டிரம் கலைஞரின் கை இறங்கிய பிறகுதான் ஓசை வந்தது. மைதானத்தின் நடுவே நிறுத்தும் துணை ஒலிபெருக்கிகளில் ஒலியைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்தித் தருவதால் குழப்பம் குறைகிறது. ஆனாலும் கண்ணும் காதும் பிரிந்த உணர்வு கடைசிவரை என்னை விட்டு அகலவில்லை. ஆட்டத்துக்கு மிகச் சிறந்த இருக்கை பாட்டுக்கு மிகத் தொலைவான இருக்கையாகிவிட்டது. சீட்டு வாங்கும் பக்கத்தில் அந்த நிகழ்ச்சிக்கான மேடை வரைபடம் இருக்கும். மைதானத்தின் வழக்கமான வரைபடத்தை நம்பாமல் அதைத் திறந்து பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

அடுத்த முறை எதிர்முனைக்குப் போய், வேறொரு அரங்கில் மேடைக்கு மிக அருகில் நின்றேன். தாழ்வொலிப் பெட்டிகள் நெஞ்சை அதிரவைத்தன, பாடல் வரிகள் ஒன்றும் புரியவில்லை, வீடு திரும்பிய பின் இரண்டு நாள் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. மூன்றாம் நாள் அது நின்றபோதுதான் நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நயோஷ், 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்றும் வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். பெரிய நிகழ்ச்சிகள் அந்த அளவை எளிதில் தொடும். இசைக்கலைஞர்கள் அணியும் வகையிலான காதடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிப்பதால், பாட்டு மங்காமல் சத்தம் மட்டும் குறைகிறது. இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். குழந்தைகளை அழைத்துச் செல்வோரிடம் கெஞ்சியே கேட்கிறேன். இடத்தைப் பொறுத்தவரை, ஒலிக்கலவைப் பொறியாளரின் மேசைக்குப் பக்கத்தில் அல்லது அதற்குச் சற்றுப் பின்னால் நிற்பதே இப்போது என் வழக்கம். அவர் தம் காதில் கேட்பதை வைத்துத்தான் ஒலியைச் சரிசெய்கிறார். அவருக்குக் கேட்பதே எனக்கும் கேட்கும்.

ஒலிபெருக்கியே இல்லாத இசைக்கு இலக்கணம் வேறு. பாஸ்டனின் சிம்ஃபனி ஹால் 1900 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஹார்வர்டின் இயற்பியலாளர் வாலஸ் சபைன், ஒலி ஓர் அறையில் எவ்வளவு நேரம் தங்கி ஓய்கிறது என்பதை அளந்து கண்ட கணக்கின்படி வடிவமைத்த மண்டபம் அது. உப்பரிகைகளை ஆழமில்லாமல் அமைத்ததால் அவற்றின் அடியில் ஒலி அடைபட்டுக்கொள்வதில்லை. பல மண்டபங்களில் உப்பரிகைக்கு அடியிலுள்ள கடைசி வரிசைகளில் இசை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது. மேடைக்கு மேலேயும் சுற்றிலும் பெயர் பொறிப்பதற்கென்று அமைத்த பலகைகளில் பேத்தோவன் பெயர் மட்டுமே இருப்பதை அப்பா அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். சபாக்களில் கேட்டுப் பழகியவர் என்பதால், முதல் பகுதி முடிந்ததும் அவர் கை தானாகத் தட்டுவதற்கு எழுந்தது. எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகே தட்டுவது இங்குள்ள வழக்கம் என்று காதருகே சொன்னேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் மட்டும் தாளம் போட்டபடி கேட்டார்.

திறந்தவெளியில் கேட்க, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கிலுள்ள டாங்கிள்வுட் என்ற இசைத் திடலுக்குப் போகலாம். 1937 ஆகஸ்டில் பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவின் நிகழ்ச்சி ஒன்றை அங்கே இடி மழை குலைத்துவிட்டது. அதன் விளைவாக நிதி திரட்டி, மறு ஆண்டே கூரை வேய்ந்த பெரிய கொட்டகையைக் கட்டினார்கள். புல்வெளியில் உட்கார்ந்தால் கலைஞர்களைப் பார்க்க முடியாது, இசை மட்டும் வரும். தரைவிரிப்பின் அடியில் நீர் புகாத விரிப்பு ஒன்றையும், சூரியன் மறைந்ததும் போர்த்திக்கொள்ளச் சால்வையையும் எடுத்துப் போகாமல் அங்கே போகக் கூடாது.

சீட்டு வாங்குவதில் எனக்கு நேர்ந்த ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். விற்றுத் தீர்ந்த நிகழ்ச்சி ஒன்றுக்கு, அறிமுகமில்லாத ஒருவரிடம் பணம் கொடுத்துப் பட்டைக்குறியின் படத்தைக் கைபேசியில் பெற்றுக்கொண்டேன். வாசலில் அது செல்லவில்லை. பல சீட்டுகளில் அந்தக் குறி சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பதால், படம் பிடித்து அனுப்புவது பயன்படாது. இப்போதெல்லாம் சீட்டு என் கணக்குக்கே மாற்றப்பட்டு, என் பெயரில் தெரிந்த பிறகுதான் பணம் தருகிறேன். பேஸ்பாலில் அவசரப்படவே தேவையில்லை. ஓர் அணி பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது, அவற்றில் பாதி சொந்த மைதானத்தில் நடக்கின்றன. வாரநாள் ஆட்டங்களின் மறுவிற்பனை விலை தொடக்க நேரம் நெருங்க நெருங்கக் குறைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரே இரவு நடக்கும் இசை நிகழ்ச்சிக்கு அந்தப் பொறுமை எனக்குக் கைகொடுத்ததில்லை. 2025 மே 12 முதல், நேரடி நிகழ்ச்சிகளின் சீட்டுகளுக்குக் கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாகியிருக்கிறது.

சென்ற கோடையில் மறுபடியும் ஃபென்வேயில் ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போனேன். மேடை வரைபடத்தைப் பார்த்து, மூன்றாம் பேஸ் பக்கம் இடப்புறமாக முன்னேறிய பகுதியில், தூணில்லாத வரிசையில் இடம் பிடித்திருந்தேன். வலப்பக்கம் திரும்பினால் அப்பாவும் அந்த அம்மையாரும் அட்டை எழுதிய ஹோம் பிளேட்டின் பின்புற வரிசைகள் தொலைவில், கைபேசி வெளிச்சங்களாக மட்டும் தெரிந்தன. நிகழ்ச்சி முடிந்ததும் கென்மோர் ரயில் நிலையத்தை நோக்கிப் போகும் கூட்டம் குறையட்டும் என்று அரைமணி நேரம் இருக்கையிலேயே இருந்தேன். ஊரில் விடிந்திருக்கும் என்பதால் அப்பாவை அழைத்தேன். யார் பாடினார்கள் என்று அவர் கேட்கவில்லை. "எந்த வரிசைம்மா? எல்லாம் நல்லாத் தெரிஞ்சுதா?" என்றார். எண்ணைச் சொன்னேன். "இரு, எழுதிக்கிறேன்" என்று பென்சிலைத் தேடப் போனார்.